பச்சைப் பந்து

கழி நுனியில் ஒரு பச்சைப் பந்து.
அதுதான் சிறுத்தை என்றார்கள்.
கழியைப் பிடித்திருந்த பையன் ஜெனிஷ், நாகர்கோவில் பக்கம்.
சேரம்பாடிக் குளிருக்குப் பழகாதவன்.
அவன் பல்லோடு சேர்ந்து
சிறுத்தையும் நடுங்கிக்கொண்டிருந்தது.

எழுநூறு ரூபாய், மதியச் சாப்பாடு.
கூடையும் படங்கும் என் சொந்தச் சாமான்.
பதினோராம் நம்பர் காட்டில்
கொழுந்து கிள்ளணும், திரும்பணும்,
பந்தைப் பார்த்துக் கத்தணும்.
அப்புறம் செத்துப்போவேன்.
அதைக் காட்ட மாட்டார்களாம்,
கூடை மட்டும் சரிவில் உருளுமாம்.

திரும்பினேன். பார்த்தேன்.
குரல் வரவில்லை.
"கத்துங்கக்கா" என்றார் டைரக்டர்.
"பயமே இல்லியா உங்களுக்கு?"

போன ஐப்பசியில்
தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, இதே காட்டில்,
பத்தடி தள்ளிப் படுத்திருந்தது.
நான் கத்தவில்லை.
கையிலிருந்த கொழுந்தைக்கூடக் கீழே போடவில்லை.
"போப்பா, போ" என்றேன்,
தவணைக்காரனிடம் பேசுகிற குரலில்.
அது கொட்டாவி விட்டது.
உள்நாக்கு வரை ரோஸ் நிறம்.
எழுந்தது, போயிற்று.
நானும் லைன் வீட்டுக்கு நடந்து,
உலை வைத்து, அரிசி களைந்து,
கல் பொறுக்கும்போதுதான்
கை உதற ஆரம்பித்தது.

இதை எப்படிப் பந்தைப் பார்த்து நடிப்பது?
ஒன்பது தடவை எடுத்தார்கள்.
கடைசியில்
"வாயை மட்டும் திறங்க, போதும்" என்றார்.

ஏழு மாதம் கழித்து
ஒரே ஜீப்பில் பதினான்கு பேர்
கூடலூருக்கு என்னைப் பார்க்கப் போனோம்.
ஒரு மணி நேரமாக மிருகம் வரவில்லை.
நாய்ச் சங்கிலி கிடந்தது, நாய் இல்லை.
புதர் அசைந்தது, முயல்.
மறுபடி அசைந்தது, காற்று.
மூன்றாம் முறை அசையவே இல்லை.
அப்போதுதான் தங்கேஸ்வரி என் முழங்கையை
நகம் பதியப் பிடித்தாள்.
"காட்டாம இருக்கிறதுக்கா இவ்வளவு செலவு?"
என்று கேட்டாள், கண்ணை மூடிக்கொண்டு.

பிறகு பதினோராம் நம்பர்.
சில்வர் ஓக் மரம், தொட்டி, வெறும் தேயிலை.
இசையை நிறுத்திவிட்டார்கள்.
காமிரா தரையோடு தரையாக
தேயிலைத் தூருக்கு நடுவில் கிடந்தது,
மூச்சு விட்டது.
இலைகளுக்கு அப்பால் யாரோ ஒருத்தி
குனிந்து கிள்ளிக்கொண்டிருந்தாள்.
கூடை.
கூடைக்கு மேலே அவிழப்போகும் கொண்டை.
ரவிக்கையின் கொக்கி போன இடத்தில் ஒரு ஊக்கு.
வியர்த்த பிடரி.

என் பிடரி.
நாற்பத்திரண்டு வருஷத்தில்
அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன்.

அவள் திரும்பினாள், வாயைத் திறந்தாள்.
மெட்ராஸ் பொண்ணு ஒருத்தியின் அலறல்
என் வாயிலிருந்து வந்தது.
கொட்டகையே சேர்ந்து அலறியது.
கூடை உருண்டபோது
எங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள்.
நான் ஐப்பசியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
திரும்பிப் பார்த்தது பதினோரு மணிக்கு.
அந்தச் சரிவில் இறங்கியது எட்டரைக்கு.
மீதி நேரம் முழுக்க
அது எந்தப் படம் பார்த்துக்கொண்டிருந்தது?

திரும்பும் வழியெல்லாம் ஜீப்பில் ஒரே சிரிப்பு.
கொளப்பள்ளி வளைவில்
டிரைவர் சும்மா லைட்டை அணைத்தான்.
சிரிப்பு நின்றது.
மறுபடி போட்டான்.
சாலையில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததை
லைன் வீடு வரைக்கும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

காலையில் மேஸ்திரி பேர் வாசித்தார்.
எனக்குப் பதினோராம் நம்பர்.
கயிற்றைச் சுருக்கி
பிடரி மறைய, கூடையை மேலே ஏற்றிக்கொண்டேன்.
கழுத்து வலிக்கிறது.
பத்தரை எடைக்கு இன்னும் நாலு கிலோ குறைகிறது.
தொட்டிக்குக் கீழேதான்
தளிர் நிறைய விட்டிருக்கிறது.